சிலுப்பிக்கு ஒரு சட்டை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு நான் ஒரு கோழிக்குஞ்சுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தேன்.

நம்புங்கள். மறுநாள் போன வாரப் பத்திக்குக் கெடு. எழுத உட்கார வேண்டிய மேசை மேல் ஊசி, நூல், கத்தரிக்கோல், என் மகன் பத்தாம் வகுப்பில் போட்ட நீல நிற சாக்ஸ் ஒன்று. மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். சாக்ஸ் இங்கேயே தங்கிவிட்டது. அதன் நுனியை வெட்டி, இரண்டு பக்கமும் றெக்கைக்கு ஓட்டை போட்டு, குஞ்சின் தலை வழியாக மாட்டினேன். அது ஒரு நிமிஷம் அசையாமல் நின்றது. பிறகு என் மடியிலேயே கழிந்தது.

அறுபத்தொரு வயதில் இதுதான் என் உத்தியோகம். ரிட்டயர் ஆனால் நிறையப் படிக்கலாம், ஆற அமர எழுதலாம், மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்கலாம்... இப்படியெல்லாம் யாராவது கணக்குப் போட்டு வைத்திருக்கிறீர்களா? உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் மனைவி வசந்தா ஒரு துவக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை. இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. காலை எட்டேகாலுக்கு ஸ்கூட்டியில் கிளம்பிவிடுவாள். சின்னமனூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் மேயும் கோழிகள் அவளுடையவை. தண்ணீர் வைப்பது, தீவனம் போடுவது, கூட்டைக் கூட்டி அள்ளுவது, பூனையைத் துரத்துவது — இதெல்லாம் என்னுடையவை. பாகப்பிரிவினை தெளிவாக நடந்திருக்கிறது.

அந்தக் கோழிகளில் ஒன்று சிலுப்பி.

சாதாக் கோழிக்கு இறகு உடம்போடு படிந்து இருக்கும். சிலுப்பிக்கு ஒவ்வொரு இறகும் பின்பக்கமாகச் சுருண்டு மேலே பார்த்து நிற்கும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவர் தலை மாதிரி எந்நேரமும் கலைந்தே இருக்கும். வேறு ஊர்களில் வேறு பெயர் இருக்கலாம். வசந்தா பிறந்த பொட்டிப்புரத்து வீட்டில் அதற்குப் பெயர் சிலுப்பி. வாசலில் ஒரு சிலுப்பி மேய்ந்தால் வீட்டின் மேல் கண் படாதாம். வருகிறவர் பார்வை எல்லாம் கோழி மேலேயே போய்விடுமாம். அது என்னவோ வாஸ்தவம்தான். எங்கள் வீட்டுக்கு வருகிற யாரும் என்னைப் பார்த்து 'நல்லா இருக்கீங்களா' என்று கேட்பதில்லை. 'இது என்ன கோழி?' என்றுதான் கேட்கிறார்கள்.

சரி, சட்டைக்கு வருகிறேன்.

வசந்தாவின் அண்ணன் ராஜாமணி பொட்டிப்புரத்தில் விவசாயம் பார்க்கிறார். அவருக்கு ஒரே மகள், நிவேதா. ஆவணி கடைசி முகூர்த்தத்தில் அவளுக்குக் கல்யாணம். சித்திரையில் நிச்சயம் முடிந்த கையோடு அந்தப் பெண் அத்தைக்கு போன் செய்து ஒன்றே ஒன்று கேட்டது.

"அத்தை, நீ எனக்கு வேற எதுவும் செய்ய வேணாம். ஒரு ஜோடி சிலுப்பி மட்டும் வளத்துக் குடு. கல்யாணம் முடிஞ்சு அங்கன போகையில கூடவே கொண்டுபோயிருவேன்."

அன்றைக்கு வசந்தா இருந்த சந்தோஷத்தில் எனக்கு இரண்டாவது காபி கூடக் கிடைத்தது.

பொட்டிப்புரத்து வீட்டில் சிலுப்பிக் கோழிகள் எல்லாம் போய் ஒரு சிலுப்பிச் சேவல்தான் மிச்சம். எங்களிடம் சிலுப்பிக் கோழி இருந்தது. இருந்த ஒரு சாதாச் சேவலைத் தெருநாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வசந்தா பிறந்த வீட்டுக்குப் போய், அந்தச் சிலுப்பிச் சேவலைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"ரெண்டும் சிலுப்பியா இருந்தா பொறக்குறது பூராம் சிலுப்பி. ஒண்ணு தப்பாது. பூராம் எங்க வீட்டுச் சரக்கு, கலப்படமே கிடையாது" என்றாள்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒரு விஷயம் நமக்குப் பிடித்துவிட்டால் அதையே இரண்டு மடங்கு ஆக்கினால் இன்னும் நன்றாக இருக்கும் என்றுதானே நினைக்கிறோம்? பாயசத்தில் இன்னொரு கரண்டி சர்க்கரையைப் போட்டுவிட்டுப் பிறகு யாரும் குடிக்கவில்லையே என்று வருத்தப்படுகிற ஜாதிதானே நாம்.

அன்றைக்கு வசந்தாவோடு நான் போகவில்லை. அந்த வீட்டு வாசலை மிதித்தே மூன்று வருஷம் ஆகிறது. ஏன் என்று சொல்லாமல் இந்தக் கதை நகராது. சொல்லித் தொலைக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு உறவுக்காரக் குழந்தைக்குக் காதுகுத்து. கறி விருந்து. பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இலைக்காரர், "நீங்கதான் பத்திரிகையில எழுதுறவுகளாச்சே... எங்க மலையக் கொடஞ்சு அடியில ஆராய்ச்சிக் கூடம் கட்டப் போறோம்ங்குறாக கவர்மெண்டுல. அது வரலாமா, கூடாதா? சொல்லுங்க" என்றார். நான் என்ன சொல்வேன்? விஞ்ஞானிகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஊர்க்காரர்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது என்றேன். பத்து வருஷமாகப் பத்தி எழுதுகிறவனுக்கு வேறு எப்படிப் பேச வரும்?

கறி வாளியோடு வந்த ராஜாமணி மச்சான் அதைக் கேட்டுவிட்டார். பரிமாறுகிற பையனிடம் சத்தமாகச் சொன்னார்: "ஏலே, மாப்ளைக்கு எலும்பு வைக்காத. ஈரலாப் பாத்து வை. அதுதான் எந்தப் பக்கமும் வளையும்."

பந்தியே சிரித்தது. நான் எழுந்துவிட்டேன். பாதிச் சாப்பாட்டில். இலையை மூடக்கூட இல்லை. அப்படியே கை கழுவி, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

இப்போது எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஈரல் நல்ல ஈரல்.

அதன் பிறகு அவரும் வரவில்லை, நானும் போகவில்லை. வசந்தா மட்டும் போய் வந்துகொண்டிருந்தாள். போய் வந்தால் அங்கே என்ன பேசினார்கள் என்று சொல்லமாட்டாள். நானும் கேட்கமாட்டேன்.

ஆடி பிறந்த வாரம் பதினோரு குஞ்சு பொரிந்தது. எல்லாம் மஞ்சளும் பழுப்புமாக ஒரே மாதிரி இருந்தன. மூன்றாவது வாரம் இறகு முளைக்க ஆரம்பித்தது. ஐந்துக்கு அழகாகச் சுருண்டது. மூன்றுக்குச் சாதாவாகப் படிந்தது. வசந்தா அப்போதே முகத்தைச் சுளித்தாள். மிச்சம் மூன்றுக்கு முளைத்ததை இறகு என்றே சொல்ல முடியாது. நனைந்த நூல் மாதிரி முறுக்கிக்கொண்டு வந்தது. தொட்டால் ஒடிந்தது. ஒரு வாரத்தில் முதுகு, கழுத்து, றெக்கை எல்லாம் வெறும் ரோஸ் தோல்.

விசாரணை ஆரம்பமானது. முதல் குற்றவாளி யார்? சொல்லத் தேவையில்லை.

"நீங்கதான் தீவனத்த மாத்திட்டீக."

கடை பூட்டியிருந்ததால் நாலு நாள் மக்காச்சோளக் குருணை போட்டேன். அதைத்தான் சொல்கிறாள். எதிர்வீட்டு அம்மா வேப்பெண்ணெய் தடவச் சொன்னார். தடவினேன். பால்காரர் மஞ்சள் அரைத்துப் பூசச் சொன்னார். பூசினேன். குஞ்சுகள் மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் போய் வந்த மாதிரி இருந்தன, இறகு மட்டும் முளைக்கவில்லை. கடைசியில் எதிர்வீட்டு அம்மா, "யாரோ கண்ணு வச்சுட்டாக" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். கண் படாமல் இருக்க வளர்க்கிற கோழிக்கே கண் பட்டுவிட்டது என்றால் நான் எங்கே போய் முறையிடுவது?

எங்கள் பக்கத்து ஆடிக்காற்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆடி முடிந்தாலும் அது முடியாது. கேரளத்து மலையைத் தாண்டி, கூடவே சாரலையும் இழுத்துக்கொண்டு, கம்பம் பள்ளத்தாக்கு பூராவும் சுற்றும். இறகு இருக்கிற கோழியே மூலையில் ஒண்டும். தோலோடு நிற்கிற குஞ்சு என்ன செய்யும்? அட்டைப்பெட்டியில் போட்டு நூறு வாட்ஸ் பல்பு தொங்கவிட்டேன். மின்சாரம் போகும்போதெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். தூக்கம் போயிற்று, முதுகு போயிற்று.

போன திங்கட்கிழமை காலை மூன்றில் ஒன்று விறைத்துக் கிடந்தது.

வசந்தா அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "கல்யாணத்துக்குன்னு வளத்தது" என்றாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டாள். நான் கொய்யா மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன். எனக்குக் கோழி மேல் அப்படி ஒன்றும் பிரியம் கிடையாது. ஆனாலும் மண்வெட்டியை வைத்துவிட்டு மண்ணைக் கையாலேயே தள்ளினேன். மறுநாள் சாக்ஸை எடுத்ததற்கு அதுதான் காரணம்.

புதன்கிழமை, மிச்சம் இருந்த இரண்டையும் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரி வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு வெள்ளாடு. பின்னால் ஒரு நாய். நாய்க்கு என் பை மேலேயே கண்.

டாக்டர் சின்னப் பெண். சாக்ஸ் போட்ட குஞ்சைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். சட்டையைக் கழற்றி, தோலைத் தடவி, மிச்சம் இருந்த ஒரு இறகை விரலால் வளைத்தார். ஒடிந்தது.

"சொறி இல்ல சார். பேனும் இல்ல. இதோட அம்மா எப்படி இருக்கும்?"

"சிலுப்பி. இறகு சுருட்டிக்கிட்டு நிக்கும்."

"அப்பா?"

"அதுவும் சிலுப்பி."

"யாரு சார் இந்தச் சம்பந்தத்தை முடிச்சது?"

நான் தரகர் மாதிரி முழித்தேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். "இந்தச் சுருள் ஒரு பக்கத்துல இருந்து வந்தாப் போதும் சார், பார்க்க அழகா இருக்கும். ரெண்டு பக்கத்துல இருந்தும் வந்துட்டா இறகு தாங்காது. ஒடிஞ்சு கொட்டிடும். சுமாரா நாலுல ஒரு குஞ்சு இப்படி வரும். நாலுல ஒண்ணு சாதாவாவும் வரும். சிலுப்பிக்குச் சாதாவைத்தான் சேர்க்கணும்."

"அப்ப... தீவனத்தால இல்லையே?"

"இல்ல சார்."

"அதை ஒரு சீட்டுல எழுதித் தர முடியுமா?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் எழுதித் தந்தார். கல்யாணமானவர் போலிருக்கிறது.

மருந்து என்று எதுவும் கிடையாதாம். குளிர் படாமல், மற்ற குஞ்சுகள் கொத்தாமல் பார்த்துக்கொண்டால் வளர்ந்துவிடுமாம். இறகு கொஞ்சம் முளைக்கும், மறுபடி கொட்டும், அப்படியே காலம் ஓடுமாம். சேவலை மாற்றச் சொன்னார். கல்யாணத்துக்கு ஜோடி கொடுப்பதானால் ஒன்று சிலுப்பி, ஒன்று சாதா என்று கொடுக்கச் சொன்னார்.

சாயங்காலம் வசந்தா அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்தாள். நான் ஒரு மன்னிப்பை எதிர்பார்த்துக் காத்திருந்தேன். வரவில்லை.

"சேவலைக் கொண்டுபோய் அண்ணன்கிட்ட விட்டுட்டு, சாதாச் சேவல் ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்றாள்.

"நீ ஞாயித்துக்கிழமை போறப்ப..."

"நான் போகலை."

சீட்டை மடித்துக்கொண்டே பேசினாள். "ஆவணி ஒண்ணாந் தேதியில இருந்து ஊரு பூராம் பத்திரிகை வச்சுக்கிட்டு இருக்காக. கூடப்பொறந்தவ வீட்டுக்கு இன்னும் வரலை. ஸ்கூல்ல தெனமும் கேக்குறாக, 'டீச்சர், எப்ப இருந்து லீவு?'ன்னு. வீடு தேடிப் பத்திரிகை வராம நான் எப்படி அங்கன போய் நிப்பேன்? போகாம எப்படி இருப்பேன்? இந்தக் குஞ்செல்லாம் நான் யாருக்கு வளக்குறேன்?"

"அவக வரட்டும்" என்றேன். வாய் சும்மா இருக்கிறதா?

"அவக வரமாட்டாக. நீங்களும் போகமாட்டீக" என்று சொல்லிவிட்டு அட்டைப்பெட்டி பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். குரல் உயரவே இல்லை. சண்டை போட்டிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

வியாழக்கிழமை மத்தியானம் கிளம்பினேன். ஒரு கையில் சேவல் கூடை. இன்னொரு கையில் கட்டைப்பை, அதில் சாட்சிக்கு ஒரு மொட்டைக் குஞ்சு, சட்டையோடு. தேவாரம் போகும் பஸ், அப்புறம் மினி பஸ். வழி நெடுக மக்காச்சோளக் காடு காற்றில் சாய்ந்து எழுந்துகொண்டிருந்தது. இறங்கி நடக்கும்போது, மச்சான் வீட்டில் இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே போனேன்.

இருந்தார். வீட்டு முன்னால் பந்தல்கால் நட அளந்துகொண்டிருந்தார். தலை நரைத்துவிட்டது. டேப்பைக் கீழே போட்டார்.

"வாங்க மாப்ள" என்றார்.

"மச்சான்..." என்றேன். பையைக் கீழே வைத்தேன். குஞ்சு தலையை வெளியே நீட்டியது.

"என்ன மாப்ள இது, யூனிபாரம் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கா போகுது?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்த பிறகு எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்தார்.

"அடக் கொடுமையே... சிலுப்பிக்குச் சிலுப்பி ஆகாதே! தங்கச்சி சேவலைக் கேட்டுச்சு, குடுத்தேன். அங்கன இருந்த பழைய சிலுப்பி இன்னேரம் செத்திருக்கும்னுல்ல இருந்தேன். உங்க வீட்டுக் கொல்லையில என்ன மேயுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் அங்கன வந்து மூணு வருசம் ஆச்சுல்ல."

ஆயிற்று. நான் குஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கேட்க வேண்டியதை இப்போதே கேட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்த ஜன்மத்தில் கேட்கமாட்டேன் என்று தோன்றியது.

"வசந்தாவுக்குப் பத்திரிகை வரலை மச்சான். ரொம்ப உடைஞ்சு போயிருக்கா."

அவர் உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு பத்திரிகையோடு வந்தார். நாலு மூலையிலும் மஞ்சள், மேலே என் பெயர், கீழே வசந்தா பெயர்.

"சாமிக்கு வச்சுட்டு அடுத்தாப்புல எழுதுனது இதான். ஆவணி ஒண்ணுல இருந்து பீரோவுக்குள்ளேயே கெடக்கு. நான் எப்படிக் கொண்டாருவேன் மாப்ள? பந்தியில வச்சு உங்களக் கேலி பண்ணுனது என் தப்புதான். நான் இல்லைங்கல. ஆனா எலையில சோத்த வச்சுட்டு எந்திரிச்சுப் போனது நீங்க. எந்திரிச்ச வீட்டுல வந்து நீங்க உக்காந்தாத்தான, நான் உங்க வீட்டுப் படியேற முடியும்?"

"ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமே?"

"அனுப்பியிருந்தா வந்திருப்பீகளா?"

வந்திருக்கமாட்டேன். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மத்தியானம் மூன்றரை மணிக்கு எனக்கு இலை போட்டார்கள். வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருந்தேன். சொல்லவில்லை. அக்கா, அதாவது மச்சானின் மனைவி, அவசரமாகக் கருவாட்டுக் குழம்பைச் சுட வைத்து ஊற்றினார். மச்சானும் பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்தார். அவரும் அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. இரண்டு பேரும் மூச்சு முட்ட முட்டச் சாப்பிட்டோம்.

"உப்பு சரியா இருக்கா மாப்ள?" என்றார்.

கொஞ்சம் கூடுதல்தான். கருவாட்டுக்கு அப்படித்தான் இருக்கும் என்றும் சொல்லலாம். "சரியா இருக்கு மச்சான்" என்று ஒரே பக்கமாக நின்றுவிட்டேன். இலையை மூடினேன். எழுந்தேன்.

வரும்போது கூடையில் ஒரு சாதாச் சேவல். சாதாவென்றால் படு சாதா. பத்திரிகையை அவர் என் கையில் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேருமாகத் தட்டு வைத்துக்கொண்டு வந்து கொடுப்பதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது வசந்தா பள்ளியிலிருந்து திரும்பியிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். யூனிபாரம், பீரோ, மஞ்சள் தடவிய பத்திரிகை, கருவாட்டுக் குழம்பு, ஞாயிற்றுக்கிழமை... கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். பெரிய சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவன் தோரணைதான்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அல்லது சிரிப்பாள் என்று. கட்டைப்பையிலிருந்து குஞ்சை எடுத்து மடியில் வைத்து, சாக்ஸை மெதுவாகக் கழற்றினாள். அதன் வெறும் முதுகைப் புறங்கையால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ஒரு எலைச் சோறு" என்றாள். "இதுக்கா மூணு வருசம்?"

கழற்றிய சாக்ஸை நான் எடுத்து மடித்தேன்.

"அங்கன போனா, 'மாப்ள வரலையா'ன்னு கேட்டுட்டு அண்ணன் மூஞ்சியத் திருப்பிக்கிரும். இங்கன வந்தா நீங்க பேப்பருக்குள்ள தலைய விட்டுக்கிருவீக. ஒவ்வொரு வாட்டியும் பஸ்ஸுல அழுதுக்கிட்டே வருவேன், இறங்குறதுக்கு முன்னாடி மூஞ்சியத் தொடச்சுக்கிருவேன். உங்க ரெண்டு பேருக்கும் தெரியுமா அது?"

தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

குஞ்சைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"அந்த டாக்டரம்மா சரியாத்தான் எழுதிக் குடுத்திருக்காக. ரெண்டு பக்கமும் சிலுப்பியா இருந்தா, எல்லாம் கொட்டிப் போய் நிக்கிறது நடுவுல மாட்டுனதுதான்."

நான் குஞ்சைக் கையில் வாங்கிக்கொண்டேன். சிலுப்பிக்கொள்ளவில்லை.